தண்ணீர் முள் சொல்லாத சூடு

திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் வண்டி இந்நேரம் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோயாக் காட்டிலோ, ராஜஸ்தானில் ஒரு கடுகுக் காட்டிலோ பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். நீங்கள் ஊரில் இருப்பீர்கள். நடுராத்திரியில் போன் வரும். "அண்ணா, இன்ஜின் பிடிச்சுக்கிச்சுங்க. தண்ணி டெம்பரேச்சர் நல்லாத்தானுங்க இருந்துச்சு." டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் அடுத்த போன் எனக்கு வரும். ஆபரேட்டர் பொய் சொல்கிறான் என்று நீங்கள் பொரிந்து தள்ளுவீர்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பல நேரம் அந்தப் பையன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். பிஸ்டன் தலையின் ஓரம் உருகியிருக்கும், எக்சாஸ்ட் வால்வு எரிந்திருக்கும், மேனிஃபோல்டில் கீறல் விட்டிருக்கும். தண்ணீர் முள் மட்டும் கடைசிவரை பச்சையிலேயே நின்றிருக்கும்.

அதனால்தான் இந்த மடல். கம்ப்ரசரை ஓட்டும் பெரிய இன்ஜினின் மேனிஃபோல்டில் எக்சாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். அந்த மீட்டரைப் பார்த்து ஆபரேட்டர் வேகத்தைக் குறைத்தால் அவரைத் திட்டாதீர்கள். முதல் வேலை அரை நாளில் முடிந்துவிடும். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தண்ணீர் முள் ஏன் சும்மா நிற்கிறது? இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். ரேடியேட்டரால் சமாளிக்க முடிகிறவரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அப்படி நிற்க வைப்பதற்குத்தான் அதைப் படைத்தார்கள். எரித்த டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்ப் பக்கமே வராமல் எக்சாஸ்ட் வழியாக வெளியே போய்விடுகிறது. போகிற வழியில் அது வால்வைத் தொடுகிறது, மேனிஃபோல்டைத் தொடுகிறது, டர்போவின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்தக் காற்று எவ்வளவு சூடு என்று கேட்க உங்கள் வண்டியில் ஒரு கருவியும் கிடையாது.

பெட்ரோல் இன்ஜின் பழகியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அங்கே எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று கேட்டிருப்பார்கள். டீசலில் கதை தலைகீழ். காற்று தாராளமாக உள்ளே வருகிறது, டீசலின் அளவை வைத்துத்தான் பலம் கூடுவதும் குறைவதும். காற்றுக்கு ஏற்ற அளவைவிட டீசல் கூடக்கூட எக்சாஸ்ட் சூடு ஏறும். ஆகவே டீசலைக் கூட்டினாலும் சூடு, காற்றைக் குறைத்தாலும் சூடு. லாரிக்காரருக்கு மலையேற்றத்தில் கொஞ்ச நேரம் இந்தத் தொல்லை, இறக்கத்தில் இன்ஜின் மூச்சு விட்டுக்கொள்ளும். உங்கள் இன்ஜினுக்கு இறக்கமே இல்லை. 1100 சிஎஃப்எம், 300 பிஎஸ்ஐ கம்ப்ரசரைப் பூட்டிக்கொண்டு விடிய விடிய முழு பாரத்தில் நிற்கிறது. அதுவும் எங்கே நிற்கிறது? தான் கிளப்பிய பாறைத் தூளுக்குள்ளேயே.

தூளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் படாத வரை துளையிலிருந்து வெள்ளை மாவு போலப் புகைந்துகொண்டு வருகிறதே, காற்று திரும்பினால் அது நேரே ஏர் ஃபில்டருக்குத்தான் போகிறது. ஃபில்டர் அடைத்தால் சிவப்பு காட்டுகிற சின்ன இண்டிகேட்டர் ஒன்று அதன் கூட்டின் மேலேயே இருக்கும். உடையாத இண்டிகேட்டரோடு பட்டறைக்கு வந்த ரிக் வண்டி அபூர்வம். எக்சாஸ்ட் மீட்டர் இருந்தால் இந்த அடைப்பு தானாகத் தெரியும். நேற்று ஐந்நூறு அடியில் 560 காட்டிய முள், அதே மாதிரிப் பாறையில், அதே ஆழத்தில், அதே ஆர்பிஎம்மில் இன்று 600 காட்டுகிறது என்றால் முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்தாலும் இதே கதைதான். அதுவும் இல்லையென்றால் நாசில் ஒழுகுகிறதா, பம்ப் டைமிங் பின்தங்கிவிட்டதா என்று பார்க்கலாம். டீசல் நேரம் தப்பி எரிந்தால் அந்தச் சூடு வேலைக்கு ஆகாமல் எக்சாஸ்டுக்குப் போய்விடும்.

பம்ப் ரூமில் போய் "கொஞ்சம் டீசல் கூட்டி வையுங்க" என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கூட்டித் தருகிறவரும் உண்டு. கரும்புகை வருகிறதா, பலம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இனி அப்படிக் கூட்டுவதென்றால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். வேறெந்த வழியில் கூட்டினாலும் அது சூதாட்டம் என்பேன்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை சண்டை. டர்போவைத் தாண்டி சைலன்சர் பைப்பில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அதில் புரோப்பைத் திருகிக் கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். சுலபமான வேலை, மேனிஃபோல்டைத் தொட வேண்டியதில்லை. புரோப் உடைந்தாலும் டர்போவுக்கு ஆபத்தில்லை என்ற வாதமும் நியாயமானதே. ஆனால் டர்போ அந்தக் காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொண்ட பிறகு மிச்சத்தைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். முழு பாரத்தில் அது 100 டிகிரி, 150 டிகிரி, சில இன்ஜினில் அதற்கும் மேல் குறைவாகக் காட்டும். எப்போதும் இவ்வளவுதான் குறையும் என்றிருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடலாம். பாரத்துக்கு ஏற்ப அந்த இடைவெளியும் மாறுகிறதே! வால்வும் பிஸ்டனும் டர்போவுக்கு முன்னால்தான் இருக்கின்றன, புரோப்பும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இடம் பார்க்கும்போது மேனிஃபோல்டின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் பலவற்றில் முன் மூன்று சிலிண்டர்களுக்கு ஒரு வழி, பின் மூன்றுக்கு ஒரு வழி, நடுவில் ஒரு சுவர். டர்போ ஃபிளேஞ்ச் வரை அந்தச் சுவர் வரும். வெளியே பார்த்துக் கண்ணால் மதிப்பிட்டு ஓட்டை போட்டால் டிரில் நேராகச் சுவரில் போய் உட்காரும். ஃபிளேஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால், மூன்று சிலிண்டரின் காற்றும் ஒன்று சேர்ந்த பிறகு, ஏதேனும் ஒரு வழியில் போடுங்கள். அந்த மீட்டர் அந்த மூன்று சிலிண்டரின் நிலையைத்தான் சொல்லும் என்பதை மறக்காதீர்கள். அதிலும் மூன்றில் ஒன்று மட்டும் கெட்டால் முள் லேசாகத்தான் அசையும். கப்பல் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் சூடு பார்ப்பது இதனால்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். கையில் பிடிக்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கி, சர்வீஸுக்கு வரும்போது ஆறு போர்ட்டையும் வெளியிலிருந்து பார்த்து ஒப்பிட்டால் போதும். அது இரும்பின் மேல்சூட்டைத்தான் காட்டும். என்றாலும் ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் அந்த நாசிலைக் கழற்றலாம்.

இனி ஓட்டை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஓட்டை போட்டால் எக்சாஸ்ட் காற்றே தூளை வெளியே ஊதித் தள்ளிவிடும் என்று ஒரு வித்தை சொல்வார்கள். பெரும்பகுதி வெளியே வருவதும் உண்மை. டிரில் உள்பக்கம் உடைத்துக்கொண்டு போகிற அந்தக் கடைசி நொடியில் உதிர்கிற சில்லு எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த வளைவில் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று, சின்ன டர்போவில் ஒரு லட்சத்துக்கு மேலும் சுற்றுகிற சக்கரம் இருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துப் போடுங்கள். பழைய இன்ஜினில் மேனிஃபோல்டு ஸ்டட் முறியும் என்று மெக்கானிக் தயங்கினால், அந்தத் தயக்கத்திலும் அர்த்தம் இருக்கிறது, டர்போவையாவது கழற்றிவிட்டு, உள் வழியில் கிரீஸ் தடவிய துணியை இறுகத் திணித்துவிட்டு வேலை செய்யட்டும். முடிந்ததும் காந்தம் விட்டுத் துழாவினால் வார்ப்பிரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பல வருஷம் வெந்து ஆறிய வார்ப்பிரும்பில் ஓட்டை போடுவது சுலபமில்லை. சாதாரண பிட் முனை மழுங்கிச் சுற்றிக்கொண்டே நிற்கும், கோபால்ட் பிட் வாங்குங்கள். முதலில் சின்ன ஓட்டை, பிறகு அளவு ஓட்டை, வேகம் குறைவாக. டேப் போடும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டால் தூள் அதிலேயே தங்கும்.

மரையில்தான் நம் ஊரில் ஏமாறுகிறார்கள். ஒரு நூல் ஃபிட்டிங் என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். அமெரிக்க மீட்டரோடு வருகிற ஃபிட்டிங் என்பிடி மரை, அங்குலத்துக்கு 27. நம் கடையில் கிடைக்கிற டேப் பெரும்பாலும் பிஎஸ்பி, அங்குலத்துக்கு 28. இரண்டு நூல் ஃபிட்டிங்கிலும் இதே வம்புதான், அங்கே 18, இங்கே 19. மரையின் கோணமும் வேறு, ஒன்று 60 டிகிரி, மற்றது 55. முதல் இரண்டு மூன்று சுற்று வெண்ணெய் போல ஏறும், பிறகு இறுகும். நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரில் ஒரு தள்ளு தள்ளினால் வார்ப்பிரும்பு விரியும், அல்லது கறுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஃபிட்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குரிய டேப்பைத் தேடுங்கள். ஒரு நூல் என்பிடிக்கு ஓட்டை ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர். கூம்பு மரை என்பதால் டேப்பை அடிவரை இறக்கிவிடக் கூடாது, இடையிடையே ஃபிட்டிங்கை வைத்துப் பார்த்து, நான்கைந்து சுற்றில் பிடிக்கும்படி நிறுத்த வேண்டும். வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அந்தச் சூட்டில் அது நிற்காது. நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவினால், மறுமுறை கழற்றும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

புரோப்பின் நுனி வழியின் நடுவில் நிற்க வேண்டும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். நீளம் கூடினால் அதிர்வில் கழுத்து முறியும். ரிக் வண்டியின் அதிர்வைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்க்காரர்கள் 3 மில்லிமீட்டர் புரோப்பை விரும்புவார்கள், சீக்கிரம் காட்டும் என்று. உங்கள் இன்ஜின் மணிக்கணக்கில் ஒரே பாரத்தில் நிற்பது. கொஞ்சம் தாமதமாகக் காட்டினாலும் இன்கோனல் உறை போட்ட 6 மில்லிமீட்டர் புரோப்பே மேல். நுனி திறந்த புரோப் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி நுனியைப் பாருங்கள். அரித்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், முறிந்து விழுந்தால் நேரே டர்போவுக்குள்தான்.

வயரிங்கில் நடக்கிற கூத்து தனி. புரோப்புக்குள் இருப்பது கே டைப் தெர்மோகப்புள், குரோமல் ஒரு கம்பி, அலுமல் ஒரு கம்பி, நுனியில் ஒட்டியிருக்கும். இரண்டு உலோகம் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1821-இல் ஸீபெக் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 700 டிகிரியிலும் மொத்தம் 29 மில்லிவோல்ட்தான். 24 வோல்ட் பேட்டரியோடு பழகிய எலக்ட்ரீஷியனுக்கு இது எறும்பு நடை. வயர் எட்டவில்லை என்றால் அவர் கைக்குக் கிடைத்த செம்பு வயரை ஒட்டுப் போட்டு நீட்டிவிடுவார். மீட்டரும் வேலை செய்யும், காட்டுவதுதான் தப்பாக இருக்கும். ஒட்டுப் போட்ட இடம் இன்ஜின் பக்கம் 90 டிகிரியில் வெந்துகொண்டிருக்க, மீட்டர் பேனலில் 40 டிகிரியில் இருந்தால், முள் 50 டிகிரி குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டினாலாவது பயந்து நிறுத்துவோம், குறைத்துக் காட்டினால் தைரியமாக ஓட்டுவோம். நீட்டுவதென்றால் கே டைப் வயரிலேயே நீட்ட வேண்டும்.

நிறமும் காலை வாரும். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பு என்றால் பிளஸ் என்று ரத்தத்தில் ஊறிப்போனவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! உலகப் பொது முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். ஒரு முனையில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற முள் இறங்கும், உடனே தெரிந்துவிடும். நீட்டிய வயரை இரண்டு முனையிலும் மாற்றிக் கொடுத்துவிட்டால் முள் ஒழுங்காக ஏறுவது போலவே இருக்கும், ஆனால் மேலே சொன்ன கணக்கில் 100 டிகிரி குறைத்துக் காட்டும். நிறத்தை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள். அலுமல் கம்பி காந்தத்தில் ஒட்டும், அதுதான் மைனஸ். குரோமல் ஒட்டாது. எல்லாம் முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரில் புரோப்பை விட்டுப் பாருங்கள். 100-க்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பின் காட்டினால் புரோப்பும் மீட்டரும் சரி. வயர் சரியா என்பது ஒட்டு இருக்கிற இடம் சூடானால்தான் தெரியும், அதனால் அதைக் கண்ணாலும் காந்தத்தாலும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

எண்ணுக்கு வருவோம். டர்போவுக்கு முன்னால், தொடர்ந்து ஓடும்போது 700 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது டீசல்காரர்களிடம் நெடுநாளாக இருக்கிற எல்லை. 1300 பாரன்ஹீட் என்று அமெரிக்காவில் சொல்வதும் இதைத்தான். இன்ஜின் கம்பெனி வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே முடிவு. இரவு முழுக்க முழு பாரத்தில் நிற்கிற இன்ஜினுக்கு 650-ஐத் தாண்டும்போதே கை ஆக்சிலேட்டருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியமே 660-இல் உருகும். எண்ணெய் கீழேயிருந்து பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் பிஸ்டன் பிழைத்துக் கிடக்கிறது. மீட்டர் எந்த அளவில் காட்டுகிறது என்பதையும் ஆபரேட்டருக்குச் சொல்லிவிடுங்கள். "அண்ணா, ஆயிரத்து எரநூறு காட்டுதுங்க" என்று போன் வந்தால் உங்கள் நெஞ்சு நின்றுவிடும். அது பாரன்ஹீட், 649 டிகிரி செல்சியஸ்தான்.

மீட்டர் போட்டபின் ஆபரேட்டர் பார்க்கப்போகிற காட்சி இது. ராடு இறங்கும்போது முள் ஏறும். ராடு மாற்ற கம்ப்ரசரை அன்லோடு செய்தால் சில நொடியில் சரசரவென்று இறங்கும். தண்ணீர் முள் இந்த ஆட்டம் எதிலும் கலந்துகொள்ளாது. ஆழம் போய், ஊற்றும் பட்டு, தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டி வரும்போது காற்றழுத்தம் கூடும், எக்சாஸ்ட் முள்ளும் ஒரு படி மேலே போய் உட்காரும். ஆபத்தான நேரம் அது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று "இன்னும் நூறு அடி போங்க" என்பார். அடிக்கணக்கில்தான் காசு. ஊரில் இருக்கிற முதலாளி காலையில் எத்தனை அடி என்று கேட்பார். முள் 690-இல் நிற்கிறது. இருபத்தைந்து வயதுப் பையன் என்ன செய்வான்?

நீங்கள் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆர்பிஎம்மைக் குறைப்பான். சொல்லாவிட்டால் ஓட்டுவான். மீட்டர் போட்டும் இன்ஜின் போன வண்டிகள் என் பட்டறைக்கு வராமலில்லை. "பாத்தேனுங்க, நிறுத்துனா ஓனரு கத்துவாரு" என்றுதான் பதில் வரும். எனவே எந்த எண்ணில் குறைக்க வேண்டும், எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று நீங்களே பேனலில் பெயின்டால் எழுதி வையுங்கள். அந்த எண்ணைப் பார்த்துக் குறைத்ததால் அன்று எண்பது அடி கம்மியாகப் போனால், காரணம் கேட்கலாம், கணக்கில் பிடிக்கக் கூடாது. காலையில் எத்தனை அடி என்று கேட்கும்போதே முள் எவ்வளவில் நின்றது என்றும் கேளுங்கள். முதலாளி கேட்கிற எண்ணைத்தான் ஆபரேட்டர் கவனிப்பார்.

இன்ஜினை நிறுத்துவதிலும் இந்த மீட்டர் உதவும். முழு பாரத்திலிருந்து சட்டென்று சாவியைத் திருப்பினால் டர்போவின் பேரிங்கில் நிற்கிற எண்ணெய் கரிந்து கட்டியாகும். மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம் ஐடிலில் விடச் சொல்கிறோம், யாரும் மணி பார்ப்பதில்லை. முள் 200-க்குக் கீழே வந்ததும் நிறுத்து என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரிகளில் எக்சாஸ்டில் சூடு பார்க்கும் சென்சார்கள் கம்பெனியிலிருந்தே வருகின்றன. அவை புகை வடிகட்டும் சாதனங்களுக்காக வைத்தவை, பெரும்பாலும் டாஷ்போர்டில் எண்ணாகக் காட்டாது. கம்ப்ரசருக்குப் புது இன்ஜின் வாங்கியவர்கள் வாரண்டி முடியாத மேனிஃபோல்டில் டிரில் வைக்கும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கு வண்டி ஊருக்கு வந்து நிற்கும்போது எப்படியும் டர்போவைக் கழற்றுவீர்கள். புரோப், ஃபிட்டிங், அதே மரைக்கு டேப், கே டைப் வயர், மேனிஃபோல்டு கேஸ்கெட், நாலைந்து புது ஸ்டட் எல்லாவற்றையும் அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கழற்றிப் போட்டுவிட்டு டேப் தேடி ஈரோட்டுக்கு ஆள் அனுப்பினால், அவர் பிஎஸ்பி டேப்போடுதான் திரும்பி வருவார்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு டீசல் பட்டறைக்காரன்